அதே மாதிரி இன்னொன்று

திருப்பதி
5.8.2010

டேய் ஹரி,

சௌக்கியமா என்று கேட்டதாக வைத்துக்கொள். இன்றைக்கு மட்டும் நாலு லாட்ஜில் சர்வீஸ். நாலிலும் யு.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றாமல் காயவிட்டு, "மீ மிஷினே பாகலேது" என்று என்னைத் திட்டினார்கள், என் மிஷின்தான் சரியில்லையாம். நானும் திட்டினேன். இந்த மாதம் மேனேஜருக்குப் போகிற மூன்றாவது புகார் இது.

பலமனேர் பஸ் கண்டக்டரிடம் மூன்று டிவிடி கொடுத்திருக்கிறேன். புது அனிமே, இருபத்து நாலு எபிசோட். உன் அம்மா "ஜப்பான் பொம்மைப் படமா" என்றால் சண்டை போடாதே, ஆமாம் என்று சொல்லிவிடு. காலேஜ் முடிந்து ஒரு வருஷம் ஆனாலும் ஹாஸ்டல் பதினாலாம் நம்பர் ரூம் சட்டம் மாறவில்லை. ஏன் இதைப் பார்க்கணும் என்று எழுதாமல் டிவிடி போகாது. பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதாமல் அடுத்தது வராது. போனில் சொன்னால் செல்லாது. போனில் நீ "ஊம்" மட்டும்தான் கொட்டுவாய்.

ஏன் இது: நம் கப்பல் தொடர் உனக்குப் பிடிக்கும். ஓட்டை விண்கலத்தை நாலு பேர் ரிப்பேர் பண்ணிக்கினே போவார்கள். இதில் விண்வெளி கிடையாது. மலை உச்சியில் ஒரு பழைய ரேடியோ நிலையம். ஆனால் விஷயம் ஒன்றுதான், யாருக்கும் வேண்டாத மிஷினைக் கைவிடாத ஆட்கள். கதாநாயகிக்கு நீலமுடி இருந்தது, அதே மாதிரி இன்னொன்று கொடு என்று வந்து நிற்பானே ஜூனியர் பவன்குமார், அவனுக்குப் புரியாத பொருத்தம். உனக்குப் புரியும்.

அடுத்தது முக்கியம். சத்தியவேடு பக்கம் வரப்போகிற ஜப்பான் கம்பெனி ஒன்று ஆள் எடுக்கிறது. ஒரு வருஷம் அங்கே டிரெய்னிங், திரும்பி வந்து இங்கே வேலை. ஜனவரியில் இன்டர்வியூ. உனக்கும் சேர்த்து ரெண்டு ஃபாரம் வாங்கிவிட்டேன். மொழிப் புத்தகமும் ரெண்டு வாங்கினேன், உன்னுடையது பார்சலில் இருக்கிறது. நான் தனியாகப் போகமாட்டேன். பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. தனியாகப் போனால் முதல் வாரத்திலேயே யாரோடாவது சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வருவேன்.

வெங்கட்


பலமனேர்
22.8.2010

அன்புள்ள வெங்கட்,

பார்சல் வந்தது. கண்டக்டர் டிவிடியை டிபன் பாக்ஸ் மேலே வைத்திருந்ததால் ஒன்றில் கொஞ்சம் குழம்பு வாசனை. ஓடுகிறது.

பால் குளிரூட்டும் நிலையத்தில் எனக்கு விடியற்கால ஷிப்ட். மூன்றரைக்கு முதல் வேன். கம்ப்ரஸர் ஒரு நாள் ஓடினால் ரெண்டு நாள் படுக்கும். வீட்டுக்கு வந்தால் நைனாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும், சர்க்கரையில் கண் மங்கிக்கினு வருது. தங்கச்சி ரேகா டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கு அம்மா மாப்பிள்ளை தேடுகிறாள். நீ அனுப்பிய மொழிப் புத்தகத்துக்கு அட்டை போட்டது அவள்தான்.

தீர்ப்பு: நல்லா இருந்துச்சு. உண்மையைச் சொன்னால், மூன்றாவது எபிசோடில் தூங்கிவிட்டேன்.

ஃபாரம் வைத்திருக்கிறேன். உன் கடிதம் வந்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கிறது. எழுது.

அன்புடன்,
ஹரிபாபு


திருப்பதி
28.8.2010

டேய் ஹரி,

"நல்லா இருந்துச்சு" என்பதெல்லாம் தீர்ப்பே கிடையாது. கல்யாணச் சாப்பாட்டுக்குச் சொல்கிற பேச்சு அது. இருபத்து நாலு எபிசோடில் மூன்று பார்த்துவிட்டு எனக்குத் தீர்ப்பு எழுதுகிறாய். ராத்திரி ரெண்டிலிருந்து காலை எட்டு வரைதான் நெட் ஃப்ரீ என்று அலாரம் வைத்து எழுந்து நான் இறக்கியது அது.

இந்தத் தடவை சின்னது, பதின்மூன்று எபிசோட். தூங்க நேரம் தராது. துறைமுக ஊர்ப் பையன் ஒருத்தன், சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்து ஊரைவிட்டுப் போகிறான். ஏன் இது: உன்னையும் என்னையும் பற்றியது என்பதால். கிளம்புவதைப் பற்றிய கதை. ஒவ்வொரு எபிசோடும் அவன் கேட்டைத் திறந்து வெளியே போவதில்தான் ஆரம்பிக்கும். பார்த்துவிட்டு ஃபாரத்தை நிரப்பு.

நைனாவுக்கு என் வணக்கம் சொல். கம்ப்ரஸருக்கு ஆயில் மாற்றினீர்களா? மாற்றியிருக்கமாட்டீர்கள்.

வெங்கட்


பலமனேர்
26.9.2010

அன்புள்ள வெங்கட்,

ஆயில் மாற்றினோம். நீ சொன்னது சரி.

தீர்ப்பு: நீ தப்பாகப் பார்த்திருக்கிறாய். கிளம்புவதைப் பற்றிய கதை என்கிறாய். அவன் ஒவ்வொரு தடவை கேட்டைத் தாண்டும்போதும் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள், அவன் அக்கா. பதின்மூன்று எபிசோடில் அவளுக்கு நாலு வசனம். ஒன்பதாவது எபிசோடில் அவன் தூங்கும்போது அவன் டயருக்குக் காற்றடிக்கிறாள். அடித்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறாள். சும்மா அழுத்தவில்லை, ரெண்டு இடத்தில். பந்தயம் ஓட்டினவளுக்குத்தான் அப்படி அழுத்தத் தெரியும். அவளும் ஓட்டியிருக்கிறாள். தொடரில் யாரும் அதைச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் கதை அந்தக் கட்டைவிரலில்தான் இருக்கிறது.

அதே மாதிரி இன்னொன்று அனுப்பு. சைக்கிள் வேண்டாம், பந்தயம் வேண்டாம். எல்லா எபிசோடிலும் வீட்டில் இருக்கிறவர், ஆனால் அவருக்கென்று ஒரு எபிசோடும் இல்லை. அப்படி ஒன்று.

நைனாவுக்கு வலது கண் ஆபரேஷன் பண்ணலாம் என்கிறார்கள். எனக்கு ஷிப்ட் மாற்றவில்லை. நின்றுக்கினே தூங்கப் பழகிவிட்டேன்.

அன்புடன்,
ஹரிபாபு


திருப்பதி
16.10.2010

டேய் ஹரி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒன்பதாவது எபிசோடைத் திரும்பப் போட்டேன். நாலாவது நிமிஷம். ரெண்டு இடத்தில்தான் அழுத்துகிறாள். ரிவைண்ட் பண்ணி முதல் எபிசோடுக்குப் போனேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் பழைய பந்தயத் தொப்பி ஒன்று மாட்டியிருக்கிறது. நீ அதைக்கூட எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று விட்டாய் போலிருக்கிறது. நாலு வருஷம் ஒரே ரூமில் இருந்தோம், இப்படி ஒரு கண் உனக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது. பால் வேன் ஓட்டிக்கினு வருகிற ஊரில் எங்கே கற்றாய்?

அதே மாதிரி ஒன்று தேடப் பதினோரு நாள் ஆயிற்று. வெப்சைட்டில் பட்டன் இருக்கிறது: விளையாட்டு, பள்ளிக்கூடம், காமெடி, ரோபோ. கட்டைவிரலுக்குப் பட்டன் இல்லை. கடைசியில் இது கிடைத்தது. மலைச் சத்திரத்துச் சமையல்காரி. வருகிறவர்கள் கதை சொல்கிறார்கள், இவள் பரிமாறுகிறாள். பன்னிரண்டு எபிசோட். ஏன் இது: நீ கேட்டது இதுதான். தப்பு என்று சொல்ல முடியாது.

ஃபாரம் அனுப்பினாயா? டிசம்பர் பதினைந்து கடைசி. இன்டர்வியூ தெலுங்கும் இங்கிலீஷும்தானாம், ஜப்பான் மொழி கொஞ்சம் தெரிந்தால் நல்லது. சைக்கிள் பையன் எதிராளியைப் பார்த்ததும் சொல்வானே, அந்த ஜப்பான் வணக்கத்தை நான் லாட்ஜ் வாட்ச்மேன்களிடம் சொல்லிப் பழகுகிறேன். வீராசாமி என்று ஒரு வாட்ச்மேன், "பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா" என்று கேட்டார்.

வெங்கட்


பலமனேர்
14.11.2010

அன்புள்ள வெங்கட்,

தீர்ப்பு: தப்பு.

பதினோரு எபிசோட் சரி. பன்னிரண்டாவதில் எல்லோரும் திரும்பி வந்து அவளை நடுவில் நிற்கவைத்துக் கைதட்டுகிறார்கள். கைதட்டினால் அது வேறு கதை. சைக்கிள் தொடரில் யாரும் கைதட்டவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை, காற்றடித்துவிட்டு உள்ளே போய் அரிசி களைகிறாள். ரெண்டிலும் சமையலறை இருக்கிறது என்பதால் நீ சேர்த்துவிட்டாய். நீலமுடி கேட்ட பவன்குமார் செய்ததும் இதுதான்.

உண்மையில் அதே மாதிரி தொடர் உன்னிடமே இருந்தது. ஆகஸ்டில் அனுப்பிய ரேடியோ நிலையம். புயலில் கோபுரத்தில் ஏறிக் கம்பியைக் கட்டிவிட்டு இறங்குகிற பெண்ணை நினைத்துப்பார். அடுத்த எபிசோடில் நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் பெயரை எல்லாம் வாசிக்கிறார்கள். அவள் பெயர் வரவில்லை. அவள் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு கேட்கிறாள். அவ்வளவுதான். சைக்கிளுக்கு ஜோடி அதுதான்.

ஃபாரம் இங்கேதான் இருக்கிறது. ஆபரேஷன் முடியட்டும் என்று பார்க்கிறேன். வெங்கட், நீ ஒருவேளை தனியாகப் போகவேண்டி வந்தால் போவாயா? சும்மா கேட்கிறேன்.

அன்புடன்,
ஹரிபாபு


திருப்பதி
16.12.2010

டேய் ஹரி,

போகமாட்டேன். சும்மா சொல்லவில்லை.

நேற்று கடைசி நாள். உன் ஃபாரம் வரவில்லை என்று கம்பெனி ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்னொரு ஃபாரம் வாங்கி நானே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். உன் மார்க் ஷீட் ஜெராக்ஸ் என்னிடம் காலேஜிலிருந்தே இருக்கிறது. கையெழுத்தும் நானே போட்டேன். ஹாஸ்டல் அட்டெண்டன்ஸில் உனக்காக நாலு வருஷம் போட்ட கையெழுத்துதானே. ஜனவரி முப்பது, ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியில் ஓட்டலில் இன்டர்வியூ.

நீ பயப்படத் தேவையே இல்லை. ஜப்பானைப் பற்றி என்ன பிடிக்கும் என்று கேட்டால் எனக்கு எழுதிய ரெண்டு தீர்ப்பையும் அப்படியே சொல். கட்டைவிரலையும் கைதட்டலையும் சொல். அதைக் கேட்டுவிட்டு உன்னை எடுக்காமல் விட்டால் அவர்கள் கம்பெனியே நடத்தத் தேவையில்லை. என்னைவிட உனக்குத்தான் வாய்ப்பு அதிகம். இதை எழுத எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

டிவிடி இல்லை. மொழிப் புத்தகத்தைப் படி.

வெங்கட்


பலமனேர்
26.12.2010

அன்புள்ள வெங்கட்,

இதை எப்படி எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். நேராகவே எழுதுகிறேன். உனக்கு அதுதான் பிடிக்கும்.

தீர்ப்பு ரெண்டும் என்னுடையவை இல்லை. ரேகாவுடையவை. ஆகஸ்டுக்குப் பிறகு நான் ஒரு எபிசோடும் முழுசாகப் பார்க்கவில்லை. நான் படுத்ததும் அவள் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்பாள். நான் எழுந்ததும் சொல்லுவாள். நான் காப்பியடித்தேன். சைக்கிள் அக்காவைப் பற்றிச் சொன்னபோது கையில் பூரிக்கட்டை வைத்துக்கினு அழுத்திக் காட்டினாள்.

ஏன் காப்பியடித்தேன் என்று கேட்பாய். "நல்லா இருந்துச்சு" என்று எழுதினால் நீ அரைப்பக்கம் திட்டி முடித்துவிடுகிறாய். தீர்ப்பு எழுதினால் ரெண்டு பக்கம் எழுதுகிறாய். அந்த ரெண்டு பக்கம் எனக்கு வேண்டியிருந்தது.

ஜப்பானுக்கு நான் வரவில்லை. நைனாவின் கண் ஒரு காரணம்தான். ஆனால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலும் வரமாட்டேன். அந்த ஆசை எப்போது போனது என்று தெரியவில்லை, ஒருநாள் தேடினால் இல்லை. அழவும் இல்லை. வேன் வருகிறது, பால் குளிர்கிறது, தூங்குகிறேன். எனக்கு இது போதும் என்று தோன்றுகிறது. உன்னிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை.

நீ போ. என்னால் நீ நிற்கக் கூடாது.

ஹரிபாபு


திருப்பதி
30.12.2010

ஹரி,

கோபத்தில் ரெண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

மூன்றாவது எபிசோடில் தூங்கிவிட்டேன் என்று ஆகஸ்டில் எழுதினாய். கோபுரத்துப் பெண் வருவது பதினேழாவது எபிசோடில். நவம்பரில் அவளைப் பற்றி எழுதினாய். பழுது கண்டுபிடிப்பதுதான் என் தொழில், இதைக் கண்டுபிடிக்கவில்லை. உன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல்.

ஒன்று மட்டும் தெரியணும். உன் கடிதம் வந்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கிறது என்று எழுதினாயே, அது யார் வாக்கியம்?

இப்போது வேலை. டிப்ளமோ படித்தவர்களை இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்குத் தனியாக எடுக்கிறார்கள். அந்த ஃபாரத்துக்கு ஜனவரி இருபதுவரை நேரம் இருக்கிறது, இன்டர்வியூ அதே முப்பதாம் தேதிதான். இத்துடன் வைத்திருக்கிறேன். ரேகா நிரப்பி அனுப்பட்டும். கையெழுத்தை அவளே போடட்டும், நீயும் போடாதே, நானும் போடமாட்டேன். டயரைத் தொட்டுப் பார்த்தே சொல்கிற ஒருத்தியைப் பார்த்தவுடன் கண்டுபிடித்தவள் வீட்டில் பூரிக்கட்டை வைத்துக்கொண்டு நிற்கிறாள், நானும் நீயும் யார் போகணும் என்று ஐந்து மாசமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உனக்கும் இருக்கணும்.

வெங்கட்


பலமனேர்
17.1.2011

அன்புள்ள வெங்கட்,

அந்த வாக்கியம் என்னுடையது.

ஃபாரம் இன்றைக்குக் காலையில் போஸ்ட் பண்ணிவிட்டோம். வீட்டில் சுலபமாக நடக்கவில்லை. அதே முப்பதாம் தேதி புத்தூரிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அம்மா ஸ்வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். நான் புத்தூருக்குப் போன் பண்ணி வரவேண்டாம் என்றேன். "ஏன்" என்றார்கள். "பொண்ணுக்கு இன்டர்வியூ" என்றேன். "பையன், உனக்கு இல்லையா" என்றார்கள். "இருந்துச்சு, போகலை" என்றேன். போனை வைத்துவிட்டார்கள்.

அம்மா என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. சோறு போடுகிறாள், பேசுவதில்லை. "அண்ணன்காரன் பொழைக்கத் தெரியாதவன், தங்கச்சியையும் கெடுக்கிறான்" என்று பக்கத்து வீட்டு இந்திராணி அம்மாளிடம் எனக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறாள். நைனாதான், கட்டுப் போட்ட கண்ணோடு, "போய்ட்டு வரட்டும் கமலம்மா, ஒரு கண்ணு போதும் எனக்கு" என்றார். எதற்குச் சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை, ஆனால் அம்மா சத்தத்தைக் குறைத்தாள்.

முப்பதாம் தேதி ஷிப்ட் முடித்து நேராக பஸ் ஏறுகிறோம். நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். என் பெயரைக் கூப்பிட்டால் வரவில்லை என்று சொல்லிவிடு.

கீழே ரேகா எழுதுகிறாள்.

ஹரிபாபு

வெங்கட் அண்ணா, வணக்கம். இது என் கையெழுத்து. அண்ணனைத் திட்டாதீங்க. அவன் காப்பியடிச்சான்னு நான் நினைக்கலை, நான் சொன்னதுக்கு ஒருத்தர் ரெண்டு பக்கத்துக்குப் பதில் எழுதறாருன்னு எனக்குத்தான் சந்தோஷம். ஒரு விஷயம். நீங்க வாட்ச்மேனுக்குச் சொல்றதா எழுதினது வணக்கம் இல்லை, சண்டைக்கு வர்ற ஹீரோ பேசறது. புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கம் பாருங்க. இன்டர்வியூல அதைச் சொல்லிடாதீங்க. ரேகா.


திருப்பதி
22.2.2011

ஹரி,

உங்கள் வீட்டுக்கும் லெட்டர் வந்திருக்கும். ஒன்பது பேர். ரேகா பெயர் நாலாவது. ஏப்ரலில் கிளம்பணும். பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கே எழுதிப் போடு, மெதுவாகச் செய்யலாம் என்று உட்காராதே.

என் பெயர் இல்லை. இன்டர்வியூவில் எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார்கள். பதினோரு நிமிஷம் பேசினேன். அப்புறம் அவர்கள் காட்டிய ஃபாக்டரி படத்தில் பேட்டரி ரூமுக்குக் காற்றோட்டம் இல்லை, யார் போட்ட பிளான் இது என்று கேட்டேன். போட்டவர் எதிரே உட்கார்ந்திருந்தார். ரேகாவிடம் பத்து உதிரிபாகம் கொடுத்து நல்லது, கெட்டது பிரிக்கச் சொன்னார்களாம். பிரித்துவிட்டு, நல்லதுக்கு மாதிரியாக மேஜையில் வைத்திருந்ததிலேயே ஒரு கீறல் இருக்கிறது என்று மெதுவாகக் காட்டியிருக்கிறாள். நானும் அவளும் சொன்னது ஒரே விஷயம்தான். அவளை எடுத்தார்கள். அரை நாள் கத்தினேன். அப்புறம் பாலையா லாட்ஜில் பேட்டரி மாற்றப் போய்விட்டேன்.

கன்னியம்மாள் அக்கா என்று என் சித்தி மகள் சென்னையில் விமான நிலையம் பக்கம்தான் இருக்கிறாள். ரேகா கிளம்பும்போது ஒரு நாள் அங்கே தங்கலாம். உன் அம்மாவிடம் சொல், பெண் இருக்கிற வீடுதான் என்று.

உனக்குத் தெரியாத ஒன்று. அன்றைக்கு உள்ளே முடிந்து வெளியே வந்தேன். நீ வராந்தா நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கினு இருந்தாய். சட்டையில் பால் வாசனை. மடியில் ரேகாவின் சர்டிபிகேட் பை, ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாய். கன்னம் ஒட்டிப்போய், நாலு வருஷம் பக்கத்துக் கட்டிலில் பார்த்த முகமா என்று இருந்தது. கூப்பிட வாயெடுத்தேன். என்னென்னவோ கேட்கணும் என்று வைத்திருந்தேன். கேட்கவில்லை. உள்ளே உன் பெயரைக் கூப்பிட்டார்கள், வரவில்லை என்று நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நீ அசையவில்லை. எழுந்ததும் "எப்ப வந்தே" என்றாய், "இப்பதான்" என்றேன். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஞாயிறு பலமனேர் வருகிறேன். உன் அம்மா திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம். நீ ஷிப்ட் முடித்து வந்து படுத்துவிடு. எனக்காக விழித்துக்கொண்டு இருக்கவேண்டாம், பேசவும் வேண்டாம். எனக்குக் கடைசி பஸ் ஆறரைக்குத்தான். அதுவரைக்கும் வேறு வேலை ஒன்றும் இல்லை.

வெங்கட்